கரண்டு வைத்த இடத்தில் புண் வந்தால்

(எழுத்தறிவு மையம் ஒன்றில் ஒரு செவிலியர் பேசியது)

 

நான் புற்றுநோய் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். கதிர்வீச்சுப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். அங்கே பல மாநிலத்து மக்கள் வருகிறார்கள். மொழி வேறு, உடை வேறு, சாப்பாடு வேறு. ஆனால் மூன்றாவது வாரம், நான்காவது வாரம் வரும்போது எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

"சிஸ்டர், நோய் குணமாகத்தானே வந்தோம்? இந்தத் தோல் ஏன் இப்படிக் கருகிப் போகிறது? இந்த எரிச்சலை எப்படித் தாங்குவது?"

சிலர் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. பயந்து ஊருக்குப் போய்விடுகிறார்கள். சிகிச்சை பாதியில் நின்றுவிடுகிறது. நோய் மறுபடியும் தலை தூக்குகிறது. தோலில் வந்த புண் ஆறியிருக்கும். ஆனால் நிறுத்திய சிகிச்சையால் உயிருக்கே ஆபத்து வந்துவிடும்.

அதனால்தான் இன்று இதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

பெயரால் வந்த குழப்பம்

தமிழ் பேசும் ஊர்களில் கதிர்வீச்சு சிகிச்சையைக் 'கரண்டு வைப்பது' என்கிறோம். இந்தி பேசும் ஊர்களில் 'சிகாயி' என்பார்கள். சிகாயி என்றால் சூடு காட்டுவது, ஒத்தடம் கொடுப்பது என்று பொருள்.

இந்தப் பெயர்களைக் கேட்டால் என்ன தோன்றும்? மின்சாரம் பாய்ச்சுகிறார்கள் என்று தோன்றும். நெருப்பில் வாட்டுகிறார்கள் என்று தோன்றும். இரண்டும் உண்மை இல்லை.

நோயாளி ஒரு பலகைக் கட்டிலில் படுக்கிறார். தலைக்கு மேலே ஒரு பெரிய இயந்திரம் இருக்கும். அது மெல்லச் சுற்றும். கொஞ்சம் சத்தம் கேட்கும். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். உடம்பில் மின்சாரம் பாய்வதில்லை. சூடு தெரிவதில்லை. அந்த நேரத்தில் வலியும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத கதிர் மட்டும் உள்ளே போகிறது. எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே எடுக்கிறோம் அல்லவா? அந்த வகைக் கதிர்தான். ஆனால் வலிமை பல மடங்கு அதிகம்.

இந்தக் கதிர் தோலைப் பாதிக்கும் என்பது புதிய செய்தி அல்ல. 1895இல் ராண்ட்ஜன் என்ற ஜெர்மன் அறிஞர் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். 1898இல் மேரி கியூரியும் அவர் கணவர் பியர் கியூரியும் ரேடியத்தைக் கண்டுபிடித்தார்கள். 1901இல் பெக்கரல் என்ற அறிஞர் கொஞ்சம் ரேடியத்தைத் தன் சட்டைப் பையில் வைத்திருந்தார். சில நாள் கழித்து அந்த இடத்தில் புண் வந்தது. பியர் கியூரி தன் கையிலேயே ரேடியத்தை வைத்துச் சோதித்துப் பார்த்தார். அவருக்கும் புண் வந்தது. தோலையே மாற்றும் இந்தக் கதிர், கெட்ட கட்டியையும் அழிக்குமே என்று மருத்துவர்கள் யோசித்தார்கள். கதிர்வீச்சு சிகிச்சை இப்படித்தான் வளர்ந்தது.

தோலில் என்ன நடக்கிறது?

நம் தோல் தினமும் புதிதாகிக்கொண்டே இருக்கிறது. நாற்றங்காலை நினைத்துப் பாருங்கள். தோலின் அடியில் அப்படி ஒரு நாற்றங்கால் இருக்கிறது. அங்கே புதிய அணுக்கள் பிறக்கின்றன. மெல்ல மெல்ல மேலே வருகின்றன. மேலே இருக்கும் பழையவை உதிர்ந்து போகின்றன. ஒரு சுற்று முடியச் சுமார் நான்கு வாரம் ஆகும்.

கதிர் படும்போது நாற்றங்காலில் புதிய நாற்று முளைப்பது குறைகிறது. ஆனால் மேலே இருக்கும் பழைய தோல் வழக்கம் போல உதிர்கிறது. உதிர்ந்த இடத்தை நிரப்பப் புதிய தோல் போதவில்லை. அதனால் தோல் மெலிகிறது. சில இடங்களில் உரிகிறது.

இது தெரிந்தால் மூன்று விஷயம் புரியும்.

ஒன்று: முதல் நாளே புண் வராது. இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் மாற்றம் தெரியும்.

இரண்டு: சிகிச்சை முடிந்த பிறகும் ஒரு வாரம், இரண்டு வாரம் புண் அதிகமாகலாம். "கரண்டு முடிந்துவிட்டது, ஆனால் புண் கூடுகிறதே" என்று பயப்பட வேண்டாம். அதுதான் அதன் வழி. அதன் பிறகு ஓரத்திலிருந்து ஆறத் தொடங்கும். பெரும்பாலோருக்கு ஒரு மாதத்துக்குள் ஆறிவிடும். கருமை மறைய மட்டும் பல மாதம் ஆகலாம்.

மூன்று: இது நெருப்புச் சுட்ட புண் அல்ல. அதனால் நெருப்புப் புண்ணுக்குச் செய்யும் கைவைத்தியம் இதற்கு ஆகாது.

படிப்படியாக வரும் மாற்றம்

மருத்துவப் புத்தகங்களில் தோல் முதலில் சிவக்கும் என்று எழுதியிருக்கும். வெள்ளைத் தோலில் சிவப்பு நன்றாகத் தெரியும். நம்முடைய மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு தெரியாது. தோல் மேலும் கறுக்கும். தொட்டால் சூடாக இருக்கும். இழுத்துப் பிடிப்பது போல இருக்கும். அரிக்கும். இதுதான் முதல் அடையாளம். கறுப்பதற்கு முன்பே அரிப்பும் சூடும் தெரிந்தால் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, தோல் காய்ந்து செதில் செதிலாக உரியும்.

சிலருக்கு இன்னும் ஒரு படி போகும். தோல் கழன்று, ஈரமாகி, நீர் கசியும். தோல் மடிப்பு உள்ள இடங்களில் இது அதிகம். மார்பின் அடி, அக்குள், கழுத்து மடிப்பு, தொடை இடுக்கு. இந்த இடங்களில் வேர்வை தங்கும். தோலும் தோலும் உரசும்.

எல்லோருக்கும் ஒரே அளவில் வராது. எந்த இடத்தில் கதிர் படுகிறது, எவ்வளவு படுகிறது, எந்த இயந்திரம் என்பதைப் பொறுத்து மாறும். கோபால்ட் இயந்திரத்தில் தோலுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கதிர் படும். லினாக் என்ற இயந்திரத்தில் கதிர் ஆழத்துக்குப் போய் வேலை செய்யும். சர்க்கரை நோய் இருந்தாலும் புகை பிடித்தாலும் புண் ஆறத் தாமதமாகும்.

செய்ய வேண்டியவை

குளிக்கலாம். "கரண்டு வைத்த உடம்பில் தண்ணீர் படக்கூடாது" என்று சில ஊர்களில் சொல்கிறார்கள். மாதக்கணக்கில் குளிக்காமல் இருப்பவர்களும் உண்டு. அது தவறு. அழுக்கும் வேர்வையும் சேர்ந்தால்தான் புண்ணில் சீழ் பிடிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். காரம் இல்லாத சோப்பைக் கையால் தடவினால் போதும். நார், பீர்க்கங்கூடு, கல் எதுவும் வேண்டாம். துடைக்கும்போது தேய்க்காதீர்கள். பழைய மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள்.

உடம்பில் மையால் கோடு போட்டிருப்பார்கள். கதிர் சரியான இடத்தில் பட அந்தக் கோடு வேண்டும். அதை அழிக்காதீர்கள். தானாக மங்கினால் நீங்களே பேனாவால் வரையாதீர்கள். மருத்துவமனையில் சொல்லுங்கள்.

தளர்வான பருத்தி உடை போடுங்கள். இறுக்கமான ரவிக்கை வேண்டாம். பாடாடையின் பட்டை அழுந்தும் இடத்தில்தான் புண் முதலில் வரும். வீட்டில் இருக்கும்போது தளர்ந்த சட்டை போட்டுக்கொள்ளலாம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டி, சேலை மிக நல்லது.

கழுத்தில் கதிர் படுகிறவர்கள் சங்கிலியைக் கழற்றி வையுங்கள். தாலிச் சங்கிலியும் மஞ்சள் கயிறும் கூட உரசும். தாலியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தால் கேடு வரும் என்று பயப்படும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அம்மா, அது கெட்ட சகுனம் இல்லை. நீங்கள் பிழைத்து எழுந்து மறுபடியும் போட்டுக்கொள்ளத்தான் கழற்றுகிறீர்கள். வீட்டு ஆண்கள் இதை முதலில் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு மனபாரம் குறையும்.

இடுப்பில் குடம், தோளில் பை, தலையில் விறகுக் கட்டு இவை உரசும் இடத்தில் கதிர் பட்டிருந்தால் கொஞ்ச காலம் வேண்டாம். அடுப்பு முன்னால் அதிக நேரம் உட்கார வேண்டாம். வெயிலில் போகும்போது குடை பிடியுங்கள். முந்தானையால் மூடிக்கொள்ளுங்கள். சிகிச்சை முடிந்த பிறகும் அந்த இடத்துத் தோல் வெயிலைத் தாங்காது.

செய்யக் கூடாதவை

மஞ்சள், வேப்பிலை அரைப்பு, சந்தனம், சுண்ணாம்பு, நெய், சாம்பல், பற்பசை எதையும் பூசாதீர்கள். இவை காயும்போது தோலை இழுக்கும். கழுவும்போது தோலோடு உரிந்து வரும். கிருமியும் சேரும்.

வலிக்கிறது என்று தைலம் தேய்க்காதீர்கள். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். பனிக்கட்டியும் வேண்டாம். மெலிந்த தோல் இரண்டையும் தாங்காது.

கதிர் படும் இடத்தில் பிளேடால் சவரம் செய்யாதீர்கள். அக்குள் முடியை எடுக்காதீர்கள். ஒட்டும் பிளாஸ்திரி போடாதீர்கள். எடுக்கும்போது தோலும் வந்துவிடும்.

மருந்துக் கடையில் நீங்களாக ட்யூப் வாங்கிப் போடாதீர்கள். அரிப்பைக் குறைக்கும் களிம்புகள் உண்டு. எரிச்சலைத் தணிக்கும் களிம்புகள் உண்டு. எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் இந்தப் புண்ணுக்கு ஊதா மருந்து தடவுவார்கள். அது தோலை மிகவும் காய வைக்கும் என்பதால் இப்போது பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். பழைய மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு அதையே தேடி வாங்க வேண்டாம்.

நீர் கசியும் புண்ணுக்கு ஒட்டாத வகைக் கட்டு உண்டு. அதைச் செவிலியரே போட்டுவிடுவார். வெறும் காஸ் துணி வைத்தால் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டினால் பிய்க்காதீர்கள். மருத்துவமனையில் கொடுத்த உப்புநீரை விட்டு நனைத்து, இளகிய பிறகு எடுங்கள்.

எப்போது உடனே போக வேண்டும்?

காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல் போனால், புண்ணில் நாற்றம் வந்தால், சீழ் வந்தால், இரத்தம் வந்தால், ஒரே நாளில் புண் பரவினால் காத்திருக்காதீர்கள். கதிர்வீச்சோடு ஊசி மருந்தும் ஏற்றிக்கொள்பவர்களுக்குக் காய்ச்சல் மிக ஆபத்து. இரவானாலும் கிளம்புங்கள்.

மற்ற நாட்களில் ஒரு நாள் கூடச் சிகிச்சையைத் தவற விடாதீர்கள். பொதுவாக வாரத்தில் ஐந்து நாள் வைப்பார்கள். பலருக்கு ஐந்து முதல் ஏழு வாரம் ஆகும். மார்பகப் புற்றுநோய்க்கு இப்போது மூன்று வாரத்திலேயே முடித்துவிடும் முறையும் வந்திருக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வெளியே வைப்பது, உள்ளே வைப்பது இரண்டும் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். நாள் தள்ளிப் போனால் நோய் அணுக்கள் அந்த இடைவெளியில் வளரும். புண் அதிகமானால் இரண்டு மூன்று நாள் ஓய்வு தரலாமா என்று மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நாமாக முடிவு செய்யக் கூடாது.

பணமும் பயணமும் பெரிய சுமைதான். அது எனக்குத் தெரியும். 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் தகுதி உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவு கிடைக்கும். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் கூடப் போகும் ஒருவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. அதற்கான சான்றை மருத்துவமனையில் கேட்டு வாங்குங்கள். பெரிய மருத்துவமனைகளில் சமூக சேவகர் ஒருவர் இருப்பார். தங்க இடம் வேண்டும் என்றாலும் அவரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

வலியைப் பொறுக்க வேண்டியதில்லை

"வலி இருக்கத்தானே செய்யும், பொறுத்துக்கொள்" என்று வீட்டில் சொல்கிறார்கள். பெண்களிடம் இதை இன்னும் அதிகமாகச் சொல்கிறார்கள். வலியைப் பொறுத்தால் என்ன ஆகும்? தூக்கம் போகும். சாப்பாடு இறங்காது. உடம்பு மெலியும். மெலிந்த உடம்பில் புண் ஆறாது. வலியைக் குறைப்பதும் சிகிச்சைதான்.

வலியை எப்படிச் சொல்வது? "ரொம்ப வலி" என்றால் மருத்துவருக்கு அளவு தெரியாது. பத்துக்கு எத்தனை என்று சொல்லுங்கள். வலியே இல்லை என்றால் 0. தாங்கவே முடியாது என்றால் 10.

இங்கே நீங்கள் எழுதக் கற்றுக்கொண்டீர்கள் அல்லவா? அது இப்போது உதவும். ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். தேதி போடுங்கள். காலையில் வலி எத்தனை, இரவில் எத்தனை என்று எழுதுங்கள். மாத்திரை போட்ட நேரத்தை எழுதுங்கள். எரிச்சலா, குத்தலா, விண் விண் என்று தெறிக்கிறதா என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். நோயாளியால் முடியாவிட்டால் வீட்டில் ஒருவர் எழுதலாம். அந்த நோட்டைப் பார்த்தால் மருத்துவர் மருந்தைச் சரியாக மாற்றுவார்.

1986இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு வழிமுறை வகுத்தது. அதன்படி மருந்தை முடிந்தவரை வாய் வழியாகத் தர வேண்டும். வலி வந்த பிறகு அல்ல, மணி தவறாமல் தர வேண்டும். லேசான வலிக்கு லேசான மருந்து. கடுமையான வலிக்கு வலிமையான மருந்து. எட்டு மணிக்கு ஒரு மாத்திரை என்றால் எட்டு மணிக்கே போடுங்கள். வலி உச்சிக்கு ஏறிய பிறகு அதை இறக்குவது கடினம்.

கடையில் கிடைக்கும் வலி மாத்திரையை நீங்களாக அதிகமாகப் போடாதீர்கள். சில மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கும். சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கேள்வியும் பதிலும்

இங்கே வந்தவுடன் சிலர் கேள்வி கேட்டீர்கள். அவற்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

பாட்டி ஒருவர் கேட்டார்: "என் மகளுக்குக் கரண்டு வைக்கிறார்கள். அவள் பிள்ளையைத் தூக்கலாமா? தட்டு டம்ளர் தனியாக வைக்கணுமா?"

தாராளமாகத் தூக்கலாம், பாட்டி. வெளியிலிருந்து வைக்கும் கதிர், இயந்திரத்தை நிறுத்தியதும் நின்றுவிடும். விளக்கை அணைத்தால் வெளிச்சம் அறையில் தங்குமா? அதுபோலத்தான். உங்கள் மகளின் உடம்பில் கதிர் இல்லை. தொட்டால் ஒட்டாது. தட்டு, டம்ளர், பாய் எதையும் பிரிக்க வேண்டாம். பிரித்து வைத்தால் அவள் மனம்தான் புண்படும். கருப்பை வாய்க்கு உள்ளே வைக்கும் சிகிச்சையிலும், நம் நாட்டில் பெரும்பாலும் கதிர் தரும் பொருளைக் கொஞ்ச நேரம் உள்ளே செலுத்தித் திரும்ப எடுத்துவிடுகிறார்கள்.

தம்பி ஒருவர் கேட்டார்: "அப்பாவுக்கு வாயில் புற்றுநோய். வெளியே தோலும் உரிகிறது, உள்ளேயும் புண். எதையும் விழுங்க மாட்டேன் என்கிறார்."

தம்பி, வாயின் உள்ளே இருப்பதும் தோல் மாதிரிதான். அங்கும் நாற்றங்கால் உண்டு. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவும் கலந்து வையுங்கள். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். பல முறை வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். விழுங்க வேண்டாம். காரம், புளி, சூடு வேண்டாம். குழைந்த கஞ்சி, மசித்த பருப்பு, தயிர், முட்டை கொடுங்கள். சாப்பிடுவதற்கு அரை மணி முன்பு வலி மருந்து தரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். புகையிலை, வெற்றிலை பாக்கு, குட்கா, பீடி எதுவும் கூடாது. முகச் சவரத்துக்குப் பிளேடு வேண்டாம். கொஞ்ச நாள் தாடி வளரட்டும்.

ஒரு அண்ணன் கேட்டார்: "மார்ஃபின் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். அது போதை மருந்து தானே? பழகிவிடாதா?"

நல்ல கேள்வி, அண்ணா. கடுமையான வலிக்கு மருத்துவர் சொன்ன அளவில் போட்டால் பொதுவாகப் போதைப் பழக்கம் வருவதில்லை. மலச்சிக்கல் வரும். அதற்கும் சேர்த்து மருந்து தருவார்கள். முதல் சில நாள் தூக்கமும் வாந்தியும் வரலாம். மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தாதீர்கள். பூட்டி வையுங்கள். பிள்ளைகள் கையில் படக் கூடாது. மிஞ்சியதைத் திருப்பிக் கொடுங்கள்.

நம் நாட்டில் 1985இல் வந்த போதைப் பொருள் சட்டத்தின் கெடுபிடியால் வலியில் துடித்தவர்களுக்குக் கூட மார்ஃபின் கிடைக்காமல் போனது. கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993இல் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் வலி தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். பிறகு ஊர் மக்களே தொண்டர்களாகச் சேர்ந்தார்கள். நோயாளியின் வீட்டுக்கே போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டுப் போடும் வழக்கம் அங்கே பரவியது. வலி மருந்து கிடைக்க வேண்டும் என்று பலர் பல ஆண்டு போராடினார்கள். 2014இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அந்த மாத்திரை உங்கள் கைக்கு வரப் பலர் பாடுபட்டிருக்கிறார்கள், அண்ணா. பயத்தால் அதை ஒதுக்கி வைக்காதீர்கள்.

ஒரு அக்கா கேட்டார்: "சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆகிறது. மார்பில் தோல் தடித்துவிட்டது. தோள் தூக்க முடியவில்லை. திடீரென்று சுரீர் என்று வலிக்கிறது."

அக்கா, இது பின்னால் வரும் பாதிப்பு. தோலின் அடியில் தழும்பு போல இறுகிவிடுகிறது. நரம்பும் எரிச்சல் அடைகிறது. நரம்பு வலிக்குச் சாதாரண வலி மாத்திரை அவ்வளவாகக் கேட்காது. அதற்கென்று வேறு மருந்து உண்டு. தோளுக்குப் பயிற்சி செய்யுங்கள். சுவர் அருகே நின்று விரல்களால் சுவரில் மெல்ல மேலே ஏறுங்கள். இன்று எட்டிய இடத்தில் கரிக்கோடு போடுங்கள். அடுத்த வாரம் அதற்கு மேலே எட்டப் பாருங்கள். கை வீங்கினால் உடனே காட்டுங்கள். பழைய இடத்தில் புதிதாகக் கட்டியோ ஆறாத புண்ணோ வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக ஒரு கேள்வி சீட்டில் எழுதி வந்திருக்கிறது. பெயர் இல்லை. எழுத்து கொஞ்சம் கோணல். ஆனால் கேள்வி நேராக இருக்கிறது. "கருப்பை வாய்க்குக் கரண்டு வைத்தார்கள். இப்போது கணவரோடு சேரும்போது வலி. யாரிடமும் சொல்ல முடியவில்லை."

இதை எழுதிய சகோதரிக்கு என் பாராட்டு. இந்த வலி பலருக்கு இருக்கிறது. சொல்பவர்கள் குறைவு. கதிர் பட்டதால் பிறப்புறுப்பின் உள்தோல் வறண்டு போகிறது. பாதை சுருங்குகிறது. நீங்கள் செய்த தப்பு ஒன்றும் இல்லை. கணவருக்கு இதனால் நோய் ஒட்டாது. பாதை சுருங்காமல் இருக்க ஒரு சிறு கருவியைப் பயன்படுத்தச் சொல்லித் தருவார்கள். வறட்சிக்கும் களிம்பு உண்டு. பெண் மருத்துவரிடம் காட்டுங்கள். வாயால் சொல்ல முடியாவிட்டால் இந்தச் சீட்டையே கொடுங்கள். உங்கள் கணவரும் சில நாள் பொறுமையாக இருக்க வேண்டும். வலிக்கிறது என்றால் நிறுத்த வேண்டும்.

நினைவில் வைப்போம்

தோல் கறுப்பதும் உரிவதும் எதிர்பார்த்த மாற்றமே. பயப்பட வேண்டாம்.

மென்மையாகக் கழுவுவோம். ஒற்றித் துடைப்போம். தளர்வாக உடுத்துவோம்.

கேட்காமல் எதையும் பூச மாட்டோம்.

வலியை எண்ணால் சொல்வோம். நோட்டில் எழுதுவோம்.

காய்ச்சல், நாற்றம், சீழ், இரத்தம் என்றால் உடனே போவோம்.

நோயாளியைத் தனியே ஒதுக்க மாட்டோம்.

எந்தக் காரணத்துக்காகவும் நாமாகச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்த மாட்டோம்.

இன்று கேட்டதை வீட்டில் நான்கு பேரிடம் சொல்லுங்கள். உங்கள் தெருவில் யாராவது கரண்டு வைத்துக்கொண்டு வந்திருந்தால் போய்ப் பாருங்கள். பக்கத்தில் உட்காருங்கள். இந்தப் பக்கங்களை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.